மோரிட்டா வைத்த இரண்டாவது துளை

எட்டு ஆண்டுகளாக என்னுடன் ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்த ஹெட்போன் சென்ற மாதம் உடைந்துபோனது. அதன் ஒலி கெடவில்லை. மடக்கி விரிக்கும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் கீல் இரண்டாகப் பிளந்துவிட்டது. காதைச் சுற்றி அமரும் மெத்தையின் செயற்கைத் தோல் அதற்கு முன்பே உரிந்து, காதிலும் கழுத்திலும் கருந்துகள்களாக ஒட்டத் தொடங்கியிருந்தது. நம் ஊர் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் அந்தத் தோல் நெடுங்காலம் தாக்குப்பிடிப்பதில்லை. புதிதாக ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகும் மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது வெளியூர்க் கல்லூரிகளுக்குச் சொற்பொழிவாற்றச் செல்கிறேன். பயண நேரத்தில் பொருளியல் உரைகளும் சிறிது கர்நாடக இசையும் கேட்பது வழக்கம். எனவே எனக்கு வேண்டியது இன்னதென்பதில் ஐயம் இருக்கவில்லை. அது பைக்குள் அடங்கும்படி மடங்க வேண்டும். ரயிலின் இரைச்சல் உள்ளே வரக் கூடாது. நான் கேட்பது பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. இந்த மூன்றையும் தருவது, கிண்ணத்தின் பின்புறம் முழுவதும் அடைக்கப்பட்ட, மடக்கு வகை ஹெட்போன்தான். பின்புறம் திறந்த வகையில் இசை இன்னும் விரிந்து, இயல்பாக ஒலிக்கும் என்பார்கள். அது உண்மையே. ஆனால், அதை அமைதியான அறையில் தனியாக இருப்பவர்தான் பயன்படுத்த முடியும். உள்ளொலி வெளியே போகும், வெளியொலி உள்ளே வரும்.

கடைக்குக் கிளம்பும்போது என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். கூப்பிட்டால் காதில் விழுகிற மாதிரி ஒன்றை வாங்க வேண்டும் என்றார். அதற்குக் காரணம் இருந்தது. சில வாரங்களுக்கு முன்பு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, என்னைப் பலமுறை அழைத்திருக்கிறார். நான் அடுத்த அறையில் இரு காதுகளையும் மூடிக்கொண்டு ஓர் உரையில் ஆழ்ந்திருந்தேன். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று என்பது நல்லூழ். அவரே எழுந்து வந்து என் எதிரில் நின்றபோதுதான் எனக்குச் செய்தி தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. அது என்னை இன்னும் வருத்தியது.

உலகை வெளியே நிறுத்தும் கருவியும் வேண்டும், உடனிருப்பவர் அழைத்தால் கேட்கவும் வேண்டும். இந்த முரணை முதலில் சந்தித்தவன் நானல்லன். 1979-ஆம் ஆண்டு டோக்கியோவில், தன் வீட்டில், தன் மனைவியின் முகக்குறிப்பைக் கண்டு இதே சிக்கலை உணர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் சோனி நிறுவனத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான அகியோ மோரிட்டா.

அவரைப் பற்றி நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். 1980-களின் தொடக்கத்தில் நான் சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவனாக விடுதியில் தங்கியிருந்தேன். அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் நம் கைக்கு வர இரண்டே வழிகள். ஒன்று, வளைகுடா நாட்டிலிருந்து திரும்பும் உறவினர். மற்றொன்று, பர்மா பஜார். என் அறை நண்பரின் அண்ணன் வளைகுடாவிலிருந்து ஒரு நீலநிற வாக்மேனைக் கொண்டுவந்து கொடுத்தார். விடுதியே அதைக் காண வந்தது. அதில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு ஹெட்போன். ஆளுக்கு ஒரு பாட்டு என்று முறை வைத்துக் கேட்டோம். இரண்டாவது துளை எதற்கு என்று எவருக்கும் விளங்கவில்லை. ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்று ஒருவர் சொல்ல, அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். உண்மையான விடையைப் பல ஆண்டுகள் கழித்து மோரிட்டாவின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

மோரிட்டா 1921 ஜனவரி 26-இல், ஜப்பானின் நகோயா நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பல நூற்றாண்டுகளாக அரிசி மது வடிக்கும் தொழிலில் இருந்த குடும்பம். பதினைந்தாம் தலைமுறையின் மூத்த மகன் அவர். குடும்பத் தொழிலின் தலைமை அவருக்கென்றே காத்திருந்தது. பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே தந்தை அவரைத் தொழிற்கூடத்துக் கூட்டங்களில் உட்கார வைத்துப் பழக்கினார். கணக்குப் பார்க்கவும் சரக்கைச் சோதிக்கவும் அங்குதான் அவர் கற்றார்.

ஆனால், அந்த வீட்டுக்குள் இன்னொரு பொருளும் வந்து சேர்ந்தது. அவருடைய தாயாருக்கு மேற்கத்திய செவ்வியல் இசையில் ஈடுபாடு அதிகம். அவருக்காகத் தந்தை புதிதாக வந்திருந்த மின்சார இசைத்தட்டுக் கருவியை வாங்கினார. கையால் சாவி கொடுத்துச் சுழற்றும் பழைய கருவியில் கேட்ட அதே தட்டு, புதிய கருவியில் முற்றிலும் வேறாக ஒலித்தது. ஒரே இசை ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்வி சிறுவனைப் பிடித்துக்கொண்டது. மின்னணுவியல் நூல்களைத் தேடிப் படித்தார். சொந்தமாக வானொலி செய்தார். பள்ளிப் பாடங்களில் பின்தங்கி, தேர்ச்சி பெறுவதே ஐயம் என்ற நிலைக்கு வந்தார். பின்னர் ஒருவாறு முயன்று படித்து, ஒசாகா இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார்.

போர்க்காலத்தில் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றியபோது, வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஆயுதத்துக்கான ஆய்வுக் குழுவில் மசாரு இபுகா என்ற பொறியாளரைச் சந்தித்தார். இபுகா அவரைவிட 13 வயது மூத்தவர். போர் முடிந்ததும் இருவரும் பிரிந்தனர். தோல்வியுற்ற நாட்டில், ஊரில் இருந்த மோரிட்டா ஒருநாள் அசாஹி நாளிதழின் பத்தியொன்றில் இபுகாவின் பெயரைக் கண்டார். பழைய வானொலிகளைச் சிற்றலை கேட்கும்படி மாற்றித் தரும் சிறு பட்டறையை டோக்கியோவில் இபுகா நடத்துகிறார் என்ற செய்தி அது. உடனே கடிதம் எழுதினார். நாளிதழின் பத்திகளுக்கும் சில நேரங்களில் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

சிறிது காலம் அவர் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தார். முன்னாள் படை அதிகாரிகள் ஆசிரியப் பணியில் நீடிக்க முடியாது என்ற நிலை வந்தபோது, அதையே வாய்ப்பாகக் கொண்டு வெளியேறினார். மூத்த மகனைத் தொழிலுக்கு அனுப்பித் தருமாறு இபுகாவும் அவருடைய மாமனாரும் ரயிலேறிச் சென்று தந்தையிடம் கேட்டனர். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கத்தை முறிக்கும் வேண்டுகோள் அது. தந்தை இசைந்தார். பின்னாளில் பணம் கொடுத்தும் உதவினார். 1946 மே 7-இல், 1,90,000 யென் முதலீட்டில், ஏறத்தாழ 20 பேருடன் டோக்கியோ தொலைத்தொடர்புப் பொறியியல் நிறுவனம் தொடங்கியது. இதுவே பின்னர் சோனி ஆயிற்று.

தொடக்கம் பெருமைப்படும்படி இல்லை. மின்சாரத்தில் சோறு வடிக்க இபுகா செய்த மரத்தொட்டி, அரிசியைப் பொறுத்து வேகாமலோ குழைந்தோ போய், விற்பனைக்கே வரவில்லை. குண்டுவீச்சில் சிதைந்த பல்பொருள் அங்காடிக் கட்டடத்தில் ஓர் அறைதான் முதல் இடம். அடுத்துப் போன கொட்டகையின் கூரை ஒழுகியது. மழை நாளில் மேசை மீது குடை பிடித்து வேலை செய்தார்கள்.

1950-இல் ஜப்பானின் முதல் டேப் ரெக்கார்டரை அவர்கள் உருவாக்கினார்கள். எடை 35 கிலோவுக்கும் மேல். விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது. காண்பவர் எல்லோரும் வியந்தார்கள். தம் குரலைப் பதிந்து கேட்டு மகிழ்ந்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை. பொருள் சிறப்பாக இருந்தால் தானே விற்கும் என்று நம்பிய இரு பொறியாளர்களுக்கும் அது பேரிடி.

இந்த இடத்தில் நிகழ்ந்த ஒன்றை நான் என் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. டோக்கியோ தெருவொன்றில் நடந்து சென்ற மோரிட்டா, பழம்பொருள் கடையில் ஒருவர் ஒரு பழைய சாடியை வாங்குவதைக் கண்டார். அதற்கு அவர் தயக்கமின்றிக் கொடுத்த விலை, டேப் ரெக்கார்டரின் விலையைவிட அதிகம். மோரிட்டாவுக்கு அந்தச் சாடி எதற்கும் உதவாத பொருள். வாங்கியவருக்கோ அதன் அருமை தெரியும். ஆக, மதிப்பு என்பது பொருளுக்குள் மட்டும் இல்லை, அதை அறிந்தவரின் தேவையிலும் இருக்கிறது. நாங்கள் பயன்மதிப்பு, பரிமாற்ற மதிப்பு என்று ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை அவர் ஒரு கடை வாசலில் கற்றார். போருக்குப் பின் சுருக்கெழுத்தாளர்களுக்குப் பெரும் பற்றாக்குறை இருப்பதை அறிந்து, நீதிமன்றத்தை நாடினார். ஜப்பான் உச்ச நீதிமன்றம் 20 கருவிகளை வாங்கியது. அடுத்துப் பள்ளிகள் வாங்கின. நிறுவனம் நிமிர்ந்தது.

இரண்டாவது திருப்பம் டிரான்சிஸ்டர். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தக் கண்டுபிடிப்பின் உரிமத்துக்கு 25,000 டாலர் கேட்கப்பட்டது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம். பெயர் தெரியாத சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு டாலரை விடுவிக்க ஜப்பானிய வணிக, தொழில் அமைச்சகம் மாதக்கணக்கில் தயங்கியது. நம் நாட்டின் உரிம முறை ஆட்சியைக் கண்ட என் தலைமுறைக்கு இது அந்நியமாகத் தோன்றாது. டிரான்சிஸ்டரைக் காதுகேட்கும் கருவிக்குத்தான் பயன்படுத்த முடியும் என்பது உரிமம் கொடுத்தவர்களின் அறிவுரை. இவர்கள் வானொலி செய்வதென்று துணிந்தனர்.

1953-இல் முதல்முறையாக வெளிநாடு சென்ற மோரிட்டாவுக்கு அமெரிக்காவின் பரப்பும் செல்வமும் மலைப்பைத் தந்தன. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகர உணவகம் ஒன்றில் ஐஸ்கிரீமின் மேல் சிறு காகிதக் குடை செருகியிருந்தது. அது ஜப்பானில் செய்தது என்று பரிமாறியவர் அன்போடு தெரிவித்தார். தம் நாட்டைப் பற்றி உலகம் அறிந்தது இவ்வளவுதானா என்று அவர் மனம் குன்றினார். அடுத்து நெதர்லாந்தின் ஐந்தோவன் என்ற சிற்றூருக்குப் போனார். வேளாண்மை சூழ்ந்த அந்த ஊரிலிருந்து பிலிப்ஸ் என்ற நிறுவனம் உலகம் முழுதும் விற்பதைக் கண்டபோது நம்பிக்கை திரும்பியது.

1955-இல் வந்த டிரான்சிஸ்டர் வானொலியை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். புலோவா என்ற புகழ்பெற்ற கடிகார நிறுவனம் 1,00,000 வானொலிகள் கேட்டது. அவர்களின் பெயரைப் பொறித்துத் தர வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. நிறுவனத்தின் மொத்த முதலீட்டையும் விஞ்சும் வாய்ப்பு. ஏற்றுக்கொள்ளுமாறு டோக்கியோவிலிருந்து தந்தி வந்தது. மோரிட்டா மறுத்துவிட்டார். தம் பெயரில் விற்காத பொருள் எவ்வளவு விற்றாலும் தம்மை வளர்க்காது என்பது அவர் கணக்கு. வாழ்நாளில் தாம் எடுத்த மிகச் சிறந்த முடிவாக அதையே அவர் பின்னாளில் கருதினார். 1957-இல் சட்டைப்பையில் வைக்கத்தக்கது என்ற விளம்பரத்துடன் இன்னும் சிறிய வானொலி வந்தது. அது வழக்கமான சட்டைப்பையைவிடச் சற்றே பெரியது. வானொலியைச் சுருக்க முடியாததால், விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். அவருடைய திறமையையும் குறும்பையும் ஒருசேரக் காட்டும் செயல் இது.

ஒலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் சிறுவனைச் செல்லமாக அழைக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து உருவான சோனி என்ற பெயரை, 1958-இல் நிறுவனத்துக்கே சூட்டினர். 1961-இல் அமெரிக்காவில் பங்குகளை விற்ற முதல் ஜப்பானிய நிறுவனம் என்ற சிறப்பு அதற்குக் கிடைத்தது. 1963-இல் மனைவி மக்களுடன் நியூயார்க்கில் குடியேறினார். அமெரிக்கருக்கு விற்க வேண்டுமானால் அமெரிக்கர் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று கருதினார். 1966-இல் கல்விச் சான்றிதழ்களை வைத்து மனிதரை மதிப்பிடுவதைச் சாடி ஒரு நூல் எழுதினார். சான்றிதழ் வழங்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆனால், மறுக்கவும் எளிதில் முடியவில்லை.

இனி 1979-க்கு வருவோம். நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பிய இபுகா, அன்றைய கையடக்க ஸ்டீரியோ டேப் ரெக்கார்டரும் ஹெட்போனும் சுமக்க முடியாத எடையாக இருப்பதாகக் குறைப்பட்டார். செய்தியாளர்களுக்காகச் செய்யப்பட்ட சிறு ரெக்கார்டரிலிருந்து பதியும் பகுதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ கேட்கும் பகுதியைப் பொறியாளர்கள் பொருத்திக் கொடுத்தனர். ஹெட்போன்தான் இடித்தது. அன்று 300, 400 கிராம் எடையுள்ள ஹெட்போன்களே வழக்கம். கருவியைவிட ஹெட்போன் பெரிதாகத் தெரியும். நல்வாய்ப்பாக, நிறுவனத்தின் வேறொரு பிரிவில் சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு ஹெட்போனை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்ததில்தான் வாக்மேன் பிறந்தது.

பதிய முடியாத ரெக்கார்டரை யார் வாங்குவார் என்று விற்பனைப் பிரிவினர் ஐயுற்றனர். சந்தை ஆய்வு ஏதும் செய்யாமலே மோரிட்டா உறுதியாக நின்றார். 30,000 கருவிகள் விற்காவிட்டால் தலைவர் பதவியைத் துறப்பதாகவும் சொன்னார். அத்தனை உறுதியோடு இருந்தவரை இரண்டு சிறு நிகழ்ச்சிகள் தடுமாற வைத்தன.

சோதனைக் கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, விதவிதமான இசையைக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் மனைவி எரிச்சலுற்றிருப்பதைக் கவனித்தார். தாம் புறத்தே தள்ளப்பட்டதாக அவர் உணர்ந்திருக்கிறார். உடனே இரண்டு ஹெட்போன்களுக்கு வழி செய்யுமாறு பொறியாளர்களிடம் சொன்னார். பிறிதொரு நாள் கோல்ஃப் விளையாடப் போகும் வழியில், உடன்வந்த நாவலாசிரியர் ஒருவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டார். ஓடியது அந்த எழுத்தாளரின் மனைவி வாசித்த பியானோ இசை. நண்பர் மகிழ்ந்து ஏதோ சொல்ல விரும்பினார். இருவர் காதும் அடைபட்டிருந்ததால் பேச முடியவில்லை. எனவே ஒரு பொத்தானும் ஒலிவாங்கியும் சேர்க்கப்பட்டன. பொத்தானை அழுத்தினால் இசை தணிந்து, எதிரில் இருப்பவரின் பேச்சு காதில் விழும்.

எங்கள் விடுதி அறையில் யாருக்கும் விளங்காத இரண்டாவது துளை இப்படித்தான் வந்தது. அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு தனியே இசை கேட்பது நாகரிகமன்று என்று கருதிய ஒரு மனிதரின் மனச்சான்று அது.

1979 ஜூலை 1-இல் வாக்மேன் கடைக்கு வந்தது. நிறுவனத்துக்கு அப்போது 33 வயது. அதைக் குறிக்கும்படி விலையும் 33,000 யென். முதல் மாதத்தில் ஏறத்தாழ 3,000 மட்டுமே விற்றன. நிறுவனத்தின் இளைஞர்கள் அதை அணிந்துகொண்டு டோக்கியோவின் நகர ரயில்களிலும் கடைத்தெருக்களிலும் நடந்து, எதிர்ப்பட்டவர்களின் காதில் வைத்துக் கேட்கச் செய்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் 30,000-மும் தீர்ந்துபோயின. அடுத்த முப்பது ஆண்டுகளில் கேசட் வாக்மேன் உலகெங்கும் 20 கோடி விற்றது.

ஒன்றில் மட்டும் மோரிட்டாவின் கணிப்பு தவறிற்று. வாங்கியவர்கள் இரண்டாவது ஹெட்போனைத் தேடவில்லை. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வாக்மேன் வைத்துக்கொள்ளவே விரும்பினர். சில ஆண்டுகளில் இரண்டாவது துளையும் பேச்சுப் பொத்தானும் மறைந்தன.

புதிய பொருளை உருவாக்குபவரே அதற்கான தேவையையும் உருவாக்குகிறார் என்ற வாதத்தைப் பொருளியலில் கால்பிரெய்த் முன்வைத்தார். வாக்மேனை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால், இரண்டாவது துளையின் கதை அதற்கு நேர்மாறானது. தயாரிப்பாளர் சேர்ந்து கேட்கும் வழியைச் செய்து கொடுத்தார். நுகர்வோர்தான் தனிமையைத் தேர்ந்தெடுத்தனர். கருவிகள் நம்மைப் பிரித்துவிட்டன என்று குறைசொல்லும்போது, தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. குளியலறையிலிருந்து வந்த குரல் எனக்குக் கேட்காமல் போனதற்கும் ஹெட்போன் மட்டும் பொறுப்பன்று.

முதல் வாக்மேனின் ஹெட்போன், மெல்லிய பஞ்சுத் திண்டு கொண்ட திறந்த வகை. வெளியொலி தாராளமாக உள்ளே வரும். உள்ளே ஒலிக்கும் தாளமும் வெளியே கசியும். நெரிசலான ஜப்பானிய ரயில்களில் அந்தக் கசிவே பெருந்தொல்லை ஆனது. தனிமையை விரும்பியவர்களுக்கும் அவர்களின் இரைச்சலை விரும்பாதவர்களுக்கும் பின்புறம் மூடிய வகை பொருந்தியது. 1985-இல் சோனியே எம்டிஆர்-வி6 என்ற மடக்கு வகையைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த எம்டிஆர்-7506 என்ற மாதிரி 1991 முதல் பெரிய மாற்றமின்றி ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்துவருகிறது. ஆண்டுக்கு ஒரு மாதிரி வரும் துறையில் இத்தகைய நீடிப்பு அரிது.

கடையில் நான் கற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒலியைக் கேட்பதற்கு முன் கீலைப் பார்க்க வேண்டும். மடக்கு வகையில் முதலில் உடைவது அதுதான். பத்து முறை மடக்கி விரித்து, ஆட்டமும் முனகலும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். உள்ளே உலோகத் தகடு இருப்பது நல்லது. அடுத்து, காது மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை தனியே கிடைக்குமா என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் உரியப்போகும் மெத்தைக்காக முழுப் பொருளையும் தூக்கி எறிவது வீண்செலவு. கம்பியும் கழற்றும் வகையாக இருந்தால் பொருளின் ஆயுள் கூடும். கம்பியில்லா வகையில் மின்கலம் தேய்ந்த நாளே பெரும்பாலும் பொருளின் இறுதி நாள்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியுடனே அணிந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கிவிட்டால் தாழ்ந்த சுருதிகள் நழுவிப்போகும், வெளியொலியும் நுழையும். தலைப்பட்டையின் அழுத்தம் இரண்டு நிமிடத்தில் தெரியாது. கால் மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும். மூடிய வகையின் உண்மையான நன்மை, வெளியிரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை குறைவது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவாகக் கொள்கிறது. அதே நன்மையே சாலையில் கேடாகும். நடக்கும்போதும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

மோரிட்டாவின் பிற்காலம் வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. 1975-இல் வந்த பீட்டாமேக்ஸ் ஒளிப்பதிவு முறை, பலரைச் சேர்த்துக்கொண்டு வந்த விஎச்எஸ் முறையிடம் தோற்றது. 1988-இல் சோனியும் அந்த மாற்று முறைக்கு இறங்கிவர நேர்ந்தது. 1989-இல் வாங்கிய கொலம்பியா திரைப்பட நிறுவனம் சில ஆண்டுகளுக்குப் பெரும் நட்டத்தையே தந்தது. 1993 நவம்பர் 30-ஆம் நாள் காலை டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு தலைவர் பதவியிலிருந்து விலகினார். உலகெங்கும் பேசிப் பேசியே விற்ற அவர் இறுதி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். 1997-இல் இபுகா மறைந்தார். 1999 அக்டோபர் 3-இல், 78-ஆம் வயதில், மோரிட்டாவும் மறைந்தார்.

நான் வாங்கியது பின்புறம் மூடிய, மடங்கும், கம்பியுள்ள ஹெட்போன். அதன் இரு கிண்ணங்களும் தனித்தனியே பின்னோக்கித் திரும்பும். வீட்டில் இருக்கும்போது ஒன்றைத் திருப்பி, ஒரு காதைத் திறந்தே வைத்துக்கொள்கிறேன். பாதி இசைதான் கேட்கிறது என்பது உண்மை. வீட்டில் பாதி போதும்.

பணம் செலுத்தும் இடத்தில் இன்னொரு சிறு பொருளும் கண்ணில் பட்டது. ஒரு துளையை இரண்டாக்கித் தரும் இணைப்பான். ஹெட்போன் விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் வாங்கினேன். சென்ற வாரம் மதுரைக்குப் போகும்போது மனைவியும் உடன் வந்தார். திண்டுக்கல் வரை இருவரும் ஒரே கச்சேரியைக் கேட்டோம். அதன் பிறகு அவர் தம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, சன்னல் வழியே தெரிந்த சிறுமலையைக் காட்டி ஏதோ சொன்னார். நானும் கழற்றிவிட்டுக் கேட்டேன்.